உள்காற்று, வெளிக்காற்று

"எள்ளு மாதிரி கருப்பா விழுதுடி, பாரு" என்றாள் அம்மா.

செங்குன்றம் தாண்டி ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தியிருந்தோம். அம்மா இறங்கி, மடியில் விழுந்ததை உதறாமல் புடவையை ஏந்திப் பிடித்தபடி நின்றாள். வெளிர் நீலப் புடவையில் பத்துப் பதினைந்து கருப்புத் துணுக்குகள். விரலால் தொட்டால் பிசுபிசுத்துப் பொடிந்தன. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரோட்டுத் தூசி அத்தை, ஏசி வழியா வருது" என்றார். அம்மா தலையாட்டினாள். மாப்பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் அதை அவள் மறுத்துப் பேசமாட்டாள். ஆனால் மடியை உதறவும் இல்லை. துணுக்குகளைக் கைக்குட்டையில் தட்டி, முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த முடிச்சில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

எங்கள் ஊர் ஆரணி. பெயரைச் சொன்னதும் "பட்டுப்புடவை ஆரணியா?" என்று கேட்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். புதுவாயலிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து வரும் ஆரணி ஆறு எங்கள் பக்கமாகப் போய்ப் பழவேற்காட்டில் கலக்கிறது. மேற்கே பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளைகள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும். தென்கிழக்கே எண்ணூர். காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும் எதையாவது சுமந்துகொண்டுதான் வரும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் நாங்கள் நாலு பெண்கள். கும்மிடிப்பூண்டியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பாகங்களைக் கையில் எடுத்து அளந்து, 'சரி' என்றோ 'கழிவு' என்றோ பிரித்துப் போடுகிறேன். நான் 'கழிவு' என்று சொன்னால் அந்தப் பெட்டி நின்றுவிடும், மேலாளரே ஆனாலும் என்னைக் கேட்காமல் அனுப்ப முடியாது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட்டை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே வியப்பாக இருக்கிறது.

கார் பழையது, இரண்டாம் கையாக வாங்கியது. என் கணவர் பெயரில் இருக்கிறது. தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போனது. ஓட்டுநர் உரிமம் எனக்கும் உண்டு. இருந்தும் அது 'அவர் கார்'.

அம்மாவுக்கு வந்திருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சி.ஓ.பி.டி. என்று சீட்டில் எழுதியிருக்கும். அப்பா போன பிறகு தனியாக இருந்தவளை, மூச்சு வாங்கத் தொடங்கியதும் என்னோடு அழைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் முறை போனபோது மருத்துவர் என் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல யாராவது பீடி, சிகரெட் பிடிப்பாங்களா?" அப்பா பிடிக்கமாட்டார். தம்பி இல்லை என்றான். மருத்துவர் அதோடு நிறுத்திக்கொண்டு மருந்து எழுதினார். அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் எதையுமே கேட்கவில்லை.

அம்மா சமைக்கத் தொடங்கியது பத்து வயதில். சவுக்கு மிலாறு, வேலிக்காத்தான் விறகு, வறட்டி, உமி. மழைக்காலத்தில் எல்லாமே ஈரம். அப்போது அடுப்பங்கரையில் அவள் முகம் தெரியாது, இருமல்தான் கேட்கும். குனிந்து ஊதாங்குழலில் ஊதுவாள், நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மறுபடி குனிவாள். 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தில் எங்களுக்கும் அடுப்பு கிடைத்தது. அப்போதும் சிலிண்டரைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். நாற்பது வருடப் புகை. அதை ஒருவரும் 'புகைபிடித்தல்' என்று எண்ணவில்லை.

எண்ணிய ஒருவர் இருந்தார். அது ஒரு பெண். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என்று சொல்லப்படும் பத்மாவதி. பர்மாவில் 1917-இல் பிறந்தவர், ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், போர்க்காலத்தில் 1942-இல் தாயோடும் சகோதரிகளோடும் அங்கிருந்து தப்பிக் கோயம்புத்தூர் வந்தவர். பிறகு தில்லியில் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். நுரையீரல் கெட்டு அதனால் இதயமும் கெட்டுப்போன 127 நோயாளிகளைப் பற்றி 1959-இல் அவரும் பதக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேலைநாடுகளில் அது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். தில்லியில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக இருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் புகைபிடிக்காத பெண்கள். சமையலறைப் புகைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1981-இல், கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இந்திய சகாக்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவுக் கருவியை மாட்டி, அவர்கள் இழுக்கும் புகையை அளந்தார்கள். வீட்டுக்குள் புகையால் 2020-இல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பத்மாவதி 2020-இல், தன் 103-ஆம் வயதில், கொரோனாவில் மறைந்தார். மூச்சை முட்டும் நோய்தான் அவரையும் கொண்டுபோனது.

இதையெல்லாம் நான் படித்தது அம்மாவுக்காக. காரைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

காரில் போகும்போது அம்மாவுக்கு இருமல் கூடியது. புதுவாயலில் கொல்கத்தா நெடுஞ்சாலை ஏறுவோம். தச்சூர் கூட்டுச்சாலை, பஞ்செட்டி, ஜனப்பன்சத்திரம், காரனோடைப் பாலம் என்று செங்குன்றம் வரைக்கும் துறைமுகத்து லாரிகளும் டிரெய்லர்களும் முன்னும் பின்னும் வரும். ஜன்னலை ஏற்றி ஏசி போட்டிருந்தாலும் லாரிப் புகை அப்படியே உள்ளே வந்தது. நான் டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன லிவரை உள்காற்றுப் பக்கம் தள்ளிப் பார்ப்பேன். அதன் ஒரு முனையில் காருக்குள் வளையும் அம்புக்குறி இருக்கும், மறு முனையில் வெளியிலிருந்து உள்ளே வரும் அம்புக்குறி. எந்தப் பக்கம் தள்ளினாலும் புகை வந்தது. "லிவர் வேலை செய்யலங்க" என்றேன். "செய்யுதே, தள்ளுது பாரு" என்று அவர் ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். தள்ளத்தான் செய்தது. வெண்ணெயில் கத்தி போவது போல இழைந்து போனது. தரப் பரிசோதனை பார்ப்பவளுக்கு அதுவே சந்தேகம் தந்திருக்க வேண்டும். ஒரு கேபிளை இழுக்கும் லிவர் அத்தனை லேசாக நகரக் கூடாது.

பட்டறைக்கு நான் தனியாக எடுத்துப் போனேன். "சார் வரலியா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. உள்காற்று மூடவில்லை என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே என் கணவருக்குப் போன் போட்டார். என் எதிரிலேயே, நான் சொன்னதையே, "மேடம் ஏதோ ஸ்மெல் வருதுன்றாங்க சார்" என்று சொன்னார். டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும், ஒன்பதாயிரம் ஆகும், கேஸும் அடித்துவிடலாம் என்றார். கணவர் யோசிக்கலாம் என்றார். "ஸ்மெல்தானே, கொஞ்ச நாள் போகட்டும்."

அந்தக் கொஞ்ச நாளில் அம்மா ஒரு பரிசோதனைக்கு வரவில்லை. கால் வலி என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டேன், கிருத்திகை என்றாள். "பஸ்ஸுலயே போயிடலாம்டி" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நிறுத்தத்துக்கு நடக்கவே மூச்சு வாங்கும் பெண், பேருந்து மாறி மாறிப் போவது காரில் போவதைவிட மேல் என்கிறாள் என்றால், அந்தக் காருக்குள் அவள் பட்ட பாடு என்ன! "ஏம்மா சொல்லல?" என்றேன். "மாப்பிள்ளை காருடி. எண்ணெய் போட்டு இட்டுனு போறாரு. அதுல போய்க் குறை சொல்ல முடியுமா?"

நாற்பது வருடம் அடுப்படியில் இருமியபோதும் அவள் இதே காரணத்தைத்தான் வைத்திருந்திருப்பாள். அது மாமியார் வீட்டு அடுப்பு.

*

கார் கம்பெனியின் கையேட்டை எடுத்துப் படித்தேன். அமைப்பு எளிது. முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில், சல்லடை போல ஒரு நீளமான துவாரம் இருக்கும். வெளிக்காற்று உள்ளே வரும் வழி அது. இன்னொரு வழி காருக்குள்ளேயே, இடப்பக்கம் உட்காருபவரின் கால்மாட்டுக்கு மேலே இருக்கிறது. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் சேரும். நடுவில் ஒரே ஒரு கதவு. அது ஒரு வழியை மூடினால் இன்னொன்று திறக்கும். பெட்டிக்கு அடியில் சுழலும் புளோயர், எந்த வழி திறந்திருக்கிறதோ அதிலிருந்து காற்றை இழுத்துக் குளிர்விக்கும் பகுதிக்குத் தள்ளும். புதிய கார்களில் அந்தக் கதவைச் சின்ன மோட்டார் திருப்பும். எங்களுடையதைப் போன்ற பழைய கார்களில், டேஷ்போர்டு லிவரிலிருந்து சைக்கிள் பிரேக்கில் இருப்பது போன்ற ஒரு கேபிள் போய்த் திருப்பும்.

படித்து முடித்ததும் முதலில் வந்தது கோபம். பெட்டி இருப்பது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். அதைப் பார்க்க டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது தொடங்கினேன். திருப்புளி, குறடு, டார்ச், பழைய வேட்டித் துணி. கழற்றும் ஸ்க்ரூக்களை வைக்க இட்லித் தட்டு. முதல் குழியில் முதலில் கழற்றியது, இரண்டாம் குழியில் இரண்டாவது. மாட்டும்போது பின்னாலிருந்து வர வேண்டும். பேட்டரியின் எதிர்முனை வயரை முதலில் எடுத்துவிட்டேன். எங்கள் காரில் இடப்பக்கம் காற்றுப்பை கிடையாது. காற்றுப்பை இருக்கும் காரில் கையேட்டில் சொன்னபடி செய்யாமல் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. எட்டாவது படிக்கும் என் மகள் டார்ச் பிடித்தாள். அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "எழுந்தா திட்டப் போறாருடி" என்று மூன்று தடவை சொன்னாள். எழுந்து உள்ளே போகவில்லை.

கிளவ் பாக்ஸின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் அழுத்தினால் அது முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது. கீழே இரண்டு ஸ்க்ரூ. முழுதாக வெளியே வந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் கருப்புப் பெட்டி தெரிந்தது. அதன் பக்கவாட்டில் கதவின் கை. அந்தக் கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் முளை. கேபிள் முனையின் வளையம் அந்த முளையில் மாட்டியிருக்க வேண்டும். வளையம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முளையின் தலை உடைந்திருந்தது. மகளை லிவரை நகர்த்தச் சொன்னேன். கேபிள் முன்னும் பின்னும் போய் வந்தது, கதவு அசையவே இல்லை. எங்கள் கார் எவ்வளவு காலமாகவோ வெளிக்காற்றிலேயே நின்றுபோயிருக்கிறது.

கதவின் கையை விரலால் தள்ளித் திறந்தேன். உள்ளே கதவின் விளிம்பைச் சுற்றி ஃபோம் ஒட்டியிருந்த தடம். ஃபோம் இருந்த இடத்தில் கரிய பிசின் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டதும் பொடிந்து விரலில் அப்பியது. கதவு விளிம்பு காற்று புகாமல் அழுந்துவதற்காக வைத்த ஃபோம், வெயிலிலும் வயதிலும் மக்கிப்போயிருந்தது. புளோயர் அதைத் துணுக்கு துணுக்காகப் பிய்த்து, ஏசி வழியாக அம்மாவின் மடியில் கொட்டியிருக்கிறது.

நான் விரலை நீட்டிக் காட்டினேன். அம்மா எழுந்து உள்ளே போய், அலமாரியில் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து வந்து முடிச்சை அவிழ்த்தாள். அதே எள்ளு. "நான் சொன்னேன்ல" என்றாள். அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

துணியைத் திணித்து புளோயர் வாயை அடைத்துவிட்டு, மக்கிய ஃபோமை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி எடுத்தேன். சுரண்டும் முன் அம்மாவைத் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் அனுப்பி, நானும் மகளும் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பைப் பொன்னேரி ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கி வந்து, விளிம்பு முழுக்க ஒட்டினேன். முளைக்குத் தலை வேண்டும். கோணி ஊசியைக் கேஸ் அடுப்பில் காய்ச்சி, முளையின் நடுவில் சின்னத் துளை போட்டேன். வளையத்தை மாட்டி, மேலே ஒரு வாஷர், அதன் மேல் சின்ன ஸ்க்ரூ. வாஷர்தான் இனி தலை. ஸ்க்ரூவை முழுக்க முறுக்கவில்லை, வளையம் திரும்ப இடம் விட்டேன். அந்தப் பெட்டியில் ஃபில்டருக்கென்று ஒரு பள்ளமும் இருந்தது. உள்ளே ஃபில்டர் இல்லை. வருடா வருடம் வந்த சர்வீஸ் பில்லில் 'ஃபில்டர் கிளீனிங்' என்று ஒரு வரி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்லாவற்றையும் மாட்டிப் பேட்டரியைச் சேர்த்து புளோயரை ஓட்டினேன். லிவரைத் தள்ளினால் இப்போது கைக்கு எதிர்ப்பு தெரிந்தது. வெற்றி என்று நினைத்தேன். சோதிக்க வேண்டுமே, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மகளிடம் கொடுத்து, வெளியே கண்ணாடிக்குக் கீழே அந்தச் சல்லடைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். லிவர் உள்காற்றில் இருக்கிறது, வாசனை வரக் கூடாது. அரை நிமிடத்தில் கார் முழுக்க மல்லிகை.

கதவு முக்கால்வாசிதான் மூடியிருந்தது. மறுபடி இட்லித் தட்டு. மறுபடி ஸ்க்ரூ. கேபிளின் மேலுறையைப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தாமல் பழைய இடத்திலேயே விட்டிருந்தேன். அதுதான் தவறு. லிவரை உள்காற்று முனைவரை தள்ளி வைத்து, கதவையும் கையால் அதே முனைவரை அழுத்திப் பிடித்து, அந்த நிலையில்தான் மேலுறையைக் கிளிப்பில் இறுக்க வேண்டும். இரண்டு கை போதவில்லை. அம்மா வந்து குனிந்து லிவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே மூச்சு வாங்கினாள். "விட்டுடும்மா" என்றேன். "நீ முறுக்கு" என்றாள்.

இரண்டாவது ஊதுபத்தி. வெளியே பிடித்தால் உள்ளே வாசனை இல்லை. உள்ளே கால்மாட்டில் பிடித்தால் புகை நூல் போல இழுபட்டு மேலே போனது. லிவரைத் திருப்பினால் இழுப்பு நின்றது. புளோயரின் ஓசையும் மாறியது. உள்காற்றில் இரைச்சல் கூடுதல், வெளிக்காற்றில் அடங்கிக் கேட்கும். அதற்குப் பிறகு லிவர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஊதுபத்தி தேவைப்படவில்லை. மொத்தச் செலவு, ஒரு ஃபில்டரும் வாங்கிப் போட்டதைச் சேர்த்து, ஐந்நூறு ரூபாய்க்குள்.

கணவர் எழுந்து வந்து பார்த்தார். லிவரை இரண்டு பக்கமும் தள்ளினார். "பரவாயில்லையே" என்றார். அன்று மாலை பட்டறைக்காரரிடமிருந்து போன் வந்தபோது அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "வேணாம்பா, நாங்களே சரி பண்ணிட்டோம்." அந்த 'நாங்களே' பற்றி நான் சண்டை போடவில்லை. சிரிப்பு வந்தது. மகள்தான் "யாருப்பா நாங்க?" என்று கேட்டாள்.

*

அடுத்த பரிசோதனைக்கு நானே ஓட்டினேன், அம்மா முன்னால் உட்கார்ந்தாள். தச்சூரில் ஒரு லாரி கரும்புகையோடு முன்னால் போனது. லிவரைத் தள்ளினேன். புகை கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது, உள்ளே வரவில்லை. அம்மா இருமலுக்காகத் தயாராகப் புடவைத் தலைப்பை வாய்க்கருகே கொண்டுபோயிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மூடிய காற்று நல்ல காற்று என்று நினைத்துவிடக் கூடாது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. நாலு பேர் ஏறிய சின்னக் காரில் உள்காற்றையே சுழற்றினால் சில நிமிடத்தில் அது 1000-ஐத் தாண்டும். தலை கனக்கும், ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும், மழையில் கண்ணாடி உள்பக்கம் மூடுபனி போல மறைத்துக்கொள்ளும். அதனால் லாரிக்குப் பின்னால், சூளைப் புகையில், குப்பை எரியும் இடத்தில் மட்டும் மூடுவேன். தாண்டியதும் திறந்துவிடுவேன். அம்மாவுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. "எந்நேரமும் மூடியே வெச்சா நம்ம மூச்சையே நாம திரும்பத் திரும்ப இழுக்கணும்" என்றாள். வீட்டுக்குள் நாற்பது வருடம் இருந்தவளுக்கு அதை யாரும் கையேட்டில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கார் வாங்குவதற்கு முன் ஒன்பது வருடம் நான் கம்பெனி வேனில் போனவள். விடிகாலை ஐந்தே காலுக்குப் புதுவாயல் முனையில் நிற்போம். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். வேனின் ஜன்னல் கண்ணாடி ஏறாது. கவரைப்பேட்டை தாண்டினால் நாக்கில் இரும்புச் சுவை வரும். இன்றைக்கும் அதே முனையில் பெண்கள் நிற்கிறார்கள். நான் லிவரைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போகிறேன். என் காருக்குள் வராமல் நான் தடுக்கும் காற்று அவர்கள் முகத்தில் படுகிறது. நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டத்தின் வரம்பு 60. நாலு மடங்கு புகை இழுத்தாலும் தாங்கும் என்று நம் நுரையீரலைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். வீட்டுக்குள் இருந்தாலும் அந்தக் காற்று, வெளியே வந்தாலும் அந்தக் காற்று. மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. அதன் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஒரு வாஷரும் ஒரு ஸ்க்ரூவும் போட்டு நான் சரிசெய்தது என் அம்மாவின் ஒரு பயணத்தை. மற்றதைச் சரிசெய்யப் பந்தலில்தான் உட்கார வேண்டும். ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடக்கம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண் சொன்னால், 'தூசி' என்று தள்ளிவிடாமல், திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் தெருவில் இரண்டு பேர் தங்கள் காரை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தி பள்ளி ஆசிரியை. "அக்கா, எனக்குச் செஞ்சு தராதீங்க, சொல்லிக் குடுங்க" என்றாள். இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் மாமியார் எட்டிப் பார்த்து, "அந்தத் தட்டுல அப்புறம் இட்லி ஊத்துவீங்களா?" என்று கேட்டார். ஊற்றுவதில்லை. அது இப்போது கார்த் தட்டு. புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு ஒரு பரிசோதனையையும் விடவில்லை. நோய் குணமாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. ஊருக்குத் திரும்பும்போது, புதுவாயலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வயல் தொடங்கும் இடத்தில், என்னைக் கேட்காமலே கையை நீட்டி லிவரை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளுகிறாள். அவளுக்குக் கொஞ்சம் அழுத்தித்தான் தள்ள வேண்டியிருக்கிறது. புளோயரின் ஓசை அடங்குகிறது. நனைந்த மண்ணோ, அறுத்த நெல்லோ, சில நாள் சூளைப் புகையோ, எது வந்தாலும் முதலில் அதை முகர்ந்து பார்க்கிறாள். பிறகு திறந்து வைப்பதா மூடுவதா என்று அவளே முடிவு செய்கிறாள்.